கனல் ஊருக்கு, எரு கழனிக்கு

(மாட்டுப்பொங்கல் நாளன்று அயனம்பாக்கத்தில் கூடிய தமிழன்பர் அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மாட்டுப்பொங்கல் மேடையில் ஏறுவோர் ஏறு தழுவுதலைப் பற்றிப் பேசுவர். உழவின் உயர்வைப் பேசுவர். கொம்புக்கு வண்ணம் பூசிய கை காயுமுன்னே மாட்டின் அருமையைப் பாடுவர். நான் சாணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னபோது அவைத்தலைவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். தமிழாசிரியனுக்குச் சாணத்தில் என்ன வேலை என்று எண்ணினார் போலும். எரு இடுவதற்கென்றே ஒரு குறளில் இடம் ஒதுக்கிய மொழிக்கு ஆசிரியனாய் இருப்பவன் எருவைப் பற்றிப் பேசுதல் பிழையாகாது. சாணம் மட்டுமன்று, கழனியில் விட்டெறியும் வைக்கோல், கரும்பாலையின் சேறு, சவ்வரிசி ஆலையின் புளித்த நீர், கோழிப்பண்ணையின் எச்சம், சந்தையில் அழுகும் இலையும் தண்டும் ஆகிய அனைத்தையும் பற்றியே இப்பொழிவு. இவற்றுள் அடங்கிக் கிடக்கும் எரிவளி எவ்வளவு, அதனை நாம் ஏன் இன்னும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள வருவோரிடம் நாம் எதனைக் கேட்டு வாங்கவேண்டும் என்பனவே நான் சொல்ல வந்தவை.

இவ்வூர் ஏரிக்கரையில் வளர்ந்தவர்க்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். கோடையில் நீர் வற்றிக் கோரையும் சேறுமாய்க் கிடக்கும் மூலையில் ஒரு கழியை ஊன்றினால் கொப்புளம் கொப்புளமாய் வளி மேலெழும்பும். சிறுவரான நாங்கள் அதனைத் தவளை மூச்சு என்போம். இருட்டிய பின் அப்பக்கம் போகாதே, கொள்ளிவாய்ப் பேய் உலவும் என்று பாட்டியார் அச்சுறுத்துவார். இத்தாலி நாட்டு அறிவியலார் அலெசாந்திரோ வோல்தா 1776-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஏரி ஒன்றின் சேற்றைக் கிளறினார்; எழும்பிய வளியைக் குடுவையில் பிடித்துத் தீயை அருகிற் கொண்டு சென்றார்; அஃது எரிந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. அச்சேற்று வளியைத்தான் இன்று மீத்தேன் என்கிறோம்.

அழுகுதல் இருவகைப்படும். காற்றுப்பட அழுகினால் வெப்பமும் கரிவளியுமாய்ப் பொருள் கரைந்துபோகும். காற்றுப்படாமல் மூடி வைத்தால் வேறு நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். முதலில் ஒரு கூட்டம் மாவையும் நாரையும் சிதைத்துப் புளிப்பாக்கும். அப்புளிப்பை உண்டு மற்றொரு கூட்டம் மீத்தேனை வெளிவிடும். சாணத்திலிருந்து கிடைக்கும் எரிவளியில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன். எஞ்சியதிற் பெரும்பங்கு கரிவளி. அழுகிய முட்டை நாற்றமுடைய கந்தக வளி சிறிதளவு. முதற்கூட்டம் முரட்டுத்தனமானது, எதையும் உண்ணும், விரைந்து பெருகும். இரண்டாங்கூட்டம் மென்மையானது, குளிர் ஆகாது, மிகுபுளிப்பு ஆகாது, திடுமென்று தீனியை மாற்றினாலும் ஆகாது. 30 முதல் 40 பாகை வெப்பத்தில் செழிக்கும். செருமானியரும் தேனியரும் தம் கலன்களைச் சூடேற்றிக் காக்கவேண்டியிருக்க, நமக்கு அவ்வெப்பத்தைக் கதிரவனே தருகிறான்.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு 200 லிட்டர் பீப்பாயில் முயன்று பார்த்தோம். சாணக் கரைசலை ஊற்றி மூடினோம். பத்து நாளில் வளி வந்தது, மாணவர்கள் கைதட்டினர், தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனால் குச்சிதான் அணைந்தது. முதலில் வருவது பெரிதும் கரிவளி, எரியாது. அதைத் திறந்து விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் கிழமையில் நீலத்தழல் எழுந்தது. ஒரு கெண்டி நீர் கொதித்தது. அன்று வந்த ஊக்கத்தில் மாணவர்கள் நண்பகலுணவில் மிஞ்சிய சோற்றையெல்லாம் பீப்பாயில் கொட்டினர். இரண்டே நாளில் கலன் புளித்து நின்றது. சோறு விரைவில் புளிக்கும். மென்மையான அவ்விரண்டாங்கூட்டம் அதற்கு ஈடுகொடுக்க இயலாது. தீனியை நிறுத்திச் சுண்ணாம்பு நீரும் புதுச்சாணமும் விட்டபின் மெல்ல மீண்டது. மாட்டின் வயிற்றைப் போன்றதுதான் கலனும் என்று ஒரு மாணவி சொன்னாள். நான் இரண்டு பாடவேளை பேசியும் அவ்வளவு தெளிவாய்ச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி, பெயரைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் இக்கலன் 'கோபர் கேஸ்' என்னும் பெயரோடு வந்தது. பாதி இந்தி, பாதி ஆங்கிலம். தமிழ்நாட்டு உழவன் தன் மாட்டின் சாணத்தைத் தன் குழியில் இட்டுத் தன் அடுப்பில் எரிக்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு பெயரில்லை. பின்னர்ச் 'சாண எரிவாயு' என்று எழுதினர். வாயு வேண்டா, வளி இருக்கிறது; சாண எரிவளி என்றால் போதும். இப்போது 2018-இல் வந்த திட்டங்களின் பெயர்கள் 'கோபர்தன்' என்றும் 'சதத்' என்றும் நிற்கின்றன. பெயர் விளங்காத பொருளை மக்கள் அரசின் பொருளாகவே கருதுவர். அரசின் பொருள் பழுதானால் அரசே வந்து சரிசெய்யட்டும் என்று விட்டுவிடுவர். என் கண்முன் நடந்ததும் அதுதான்.

இந்தியாவில் இம்முயற்சி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயர் இல்லத்தின் கழிவிலிருந்து எரிவளி எடுத்தனர். தில்லி வேளாண் ஆய்வகத்தில் தேசாய் என்பார் 1930-களின் இறுதியில் சாணத்தை வைத்து ஆய்ந்தார். சசுபாய் படேல் 1950-களில் இரும்பு மூடி மிதந்து ஏறியிறங்கும் கலனை வடிவமைத்தார். 1960-களின் தொடக்கத்தில் கதர்த் தொழில் ஆணையம் அதனைத் தன் கலனாக ஏற்றது. 1981-82-இல் நடுவணரசு நாடு முழுமைக்குமான திட்டத்தைத் தொடங்கிற்று.

அத்திட்டத்தில் 1984-ஆம் ஆண்டு எங்கள் வீட்டிலும் ஒரு கலன் கட்டப்பட்டது. எனக்கு அப்போது அகவை பதின்மூன்று. இன்று அடுக்ககங்கள் நிற்கும் இடத்தில் எங்கள் கழனி இருந்தது. ஐந்து மாடுகள், நாளொன்றுக்கு 50 கிலோ சாணம், 2 கன மீட்டர் எரிவளி. கணக்கு மிகப் பொருத்தமாய் இருந்தது. ஒரு கன மீட்டர் சாண எரிவளி ஏறத்தாழ 0.43 கிலோ உருளை எரிவளிக்கு நிகர். ஆகலின் 2 கன மீட்டர் நாள்தோறும் கிடைத்தால் திங்களுக்கு ஒன்றே முக்கால் உருளை. எங்கள் தெருவில் உருளை வைத்திருந்த வீடு அன்று ஒன்றோ இரண்டோ. பள்ளிக்குப் போகுமுன் சாணத்தையும் நீரையும் சரிக்குச் சரி கரைத்துக் கல்லும் வைக்கோலும் நீக்கி ஊற்றுவது என் வேலை. சாணத்தில் வந்த தீயில் படையலுக்குச் சோறு ஆக்கலாமா என்று பாட்டியார் ஓராண்டு வழக்காடினார், பின்னர், மழைநாளில் ஈரவிறகை ஊதி ஊதிக் கண்சிவந்த அன்னையார் ஒரே சொல்லில் அவ்வழக்கை முடித்துவைத்தார்: "வறட்டி மட்டும் எதிலிருந்து வந்தது, அத்தை?"

ஆறாண்டு எரிந்தது. பின் இரும்பு மூடி துருவேறி ஓட்டையாயிற்று. சாணத்தில் எழும் கந்தக வளி இரும்பை அரிக்கும். ஆண்டுதோறும் மூடியைக் கழற்றிச் சுரண்டி வண்ணம் பூசவேண்டும். அதை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கட்டும்போது மூன்று முறை வந்த அலுவலர் பழுதானபோது ஒரு முறையும் வரவில்லை. தந்தையார் அலுவலகத்திற்கு நடந்தார். உங்கள் கலன் எங்கள் ஏட்டில் நன்றாக இயங்குகிறதே என்றார்கள். அவர்கள் கணக்கு பொய்யன்று. கட்டிய கலன்களை எண்ணினர், எரியும் அடுப்புகளை எண்ணவில்லை. வைப்பகக் கடன் மட்டும் தீ அணைந்த பிறகும் இரண்டாண்டு எரிந்தது. அன்னையார் மீண்டும் ஊதுகுழலை எடுத்தார்.

இதில் ஒரு கொடுமை என்னவெனில், எங்கள் கலன் கட்டப்பட்ட அந்த 1984-இலேயே இரும்பு மூடியே வேண்டாத, செங்கல்லால் கவிழ்ந்த குடம்போல் கட்டும் 'தீனபந்து' என்னும் கலன் வந்துவிட்டது. விலையும் குறைவு, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு அச்செய்தி வந்துசேரவில்லை. இன்றளவில் நாடெங்கும் ஏறத்தாழ 50 இலக்கம் வீட்டுக்கலன்கள் கட்டப்பட்டுள்ளன. கட்டத்தக்கவை 1 கோடியே 20 இலக்கம் என்பது அரசின் பழைய மதிப்பீடு. அந்த 50 இலக்கத்துள் எங்கள் வீட்டுக் குழியும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், சினமும் வரும்.

சாணக்கதை அவ்வாறாக, இப்போது வைக்கோலுக்கு வருவோம். இதுதான் இனிவரும் ஆண்டுகளின் பெரிய செய்தி.

பஞ்சாபில் சங்குரூர் மாவட்டத்து இலேராகாகாவில் வெர்பியோ என்னும் செருமன் நிறுவனம் ஓர் ஆலை அமைத்து, 2022 அக்டோபரில் அது திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலை உண்டு 33 டன் எரிவளியைத் தருவது அதன் வடிவக்கணக்கு. இக்கணக்கை நம் அடுப்பளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலுக்கு 110 கிலோ எரிவளி. கரிவளியும் கந்தகமும் நீக்கித் தூய்மை செய்து அழுத்திய அவ்வெரிவளி, எடைக்கு எடை, உருளை எரிவளிக்குக் குறைந்த ஆற்றலுடையதன்று. உருளை ஒன்றில் இருப்பது 14.2 கிலோ. ஆகவே ஒரு டன் வைக்கோலில் ஏழு உருளைக்கு மேல் இருக்கிறது. ஓர் ஏக்கரில் ஒரு போகத்துக்கு 2 டன் வைக்கோல் என்று கொண்டால் பதினான்கு, பதினைந்து உருளைகள். ஆலை தான் இயங்கத் தின்னும் ஆற்றலைக் கழித்தாலும் ஒரு வீட்டின் ஓராண்டு அடுப்புக்கு மேலேயே எஞ்சும். பஞ்சாபிலும் அரியானாவிலும் இதனைத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகையில் கழனியிலேயே கொளுத்துகின்றனர். அப்புகையில் தில்லி மூச்சுத் திணறுகிறது.

நாம் வைக்கோலைக் கொளுத்துவது குறைவு. மாட்டுக்குத் தீனி அதுதான். ஆயினும் அறுவடைப் பொறி வந்தபின் தாள் நொறுங்கி விழுகிறது; மழையில் நனைந்தால் மாடும் தொடாது; சுருட்டிக் கட்டும் பொறிக்குக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாத ஆண்டில் மடக்கி உழுகிறார்கள், அல்லது ஓரத்தில் தீ வைக்கிறார்கள். மற்றொன்று, வைக்கோலைச் சாணத்தைப் போல எளிதாய்க் கலனில் இட இயலாது. அது மிதக்கும், மேலே ஆடைபோல் படர்ந்து வளியை அடைக்கும். மணற்கூறும் கடுநாரும் அதில் மிகுதி. நுண்ணுயிருக்குக் கரியும் தழையூட்டமும் ஏறத்தாழ 25-க்கு 1 என்னும் அளவில் வேண்டும். சாணம் அவ்வளவில் இருக்கிறது, வைக்கோலிலோ கரி அதைப்போல் மும்மடங்கு. ஆகவே பொடியாக நறுக்கவேண்டும், ஊறவைக்கவேண்டும், தழையூட்டம் மிகுந்த வேறொன்றோடு கலக்கவேண்டும்.

அந்த வேறொன்று நம் நாமக்கல்லில் மலைமலையாய்க் குவிகிறது. கோழியெச்சத்தில் தழையூட்டம் அளவுக்கு மிஞ்சியது. தனியே இட்டால் அதன் காரம் நுண்ணுயிரைக் கொல்லும். வைக்கோலுக்கு இல்லாதது அதற்கு மிகை. அதற்கு இல்லாதது வைக்கோலுக்கு மிகை. பெண்ணும் பிள்ளையும் பொருத்தம் பார்ப்பதுபோல் இவ்விரண்டையும் பொருத்தினால் கலன் செழிக்கும். அவ்வட்டாரத்திலும் சேலத்திலும் ஆத்தூர்ப் பக்கமும் சவ்வரிசி ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் நார்த்திப்பி மாட்டுத் தீனிக்குப் போகிறது. மாவு படிந்தபின் வடியும் புளித்த நீர் முன்பெல்லாம் ஓடையில் விடப்பட்டுக் கிணறுகளைக் கெடுத்தது. அந்நாற்றத்தால் பேருந்திற் செல்வோர் ஊரை அறிந்துகொள்வர். அந்நீரைத் தேக்கி மேலே விரிப்பு மூடி எரிவளி எடுத்து, அதிலேயே பொறியை ஓட்டிக்கொள்ளும் ஆலைகள் பல இப்போது உள. நாற்றமும் குறைந்தது, எரிபொருட் செலவும் குறைந்தது. தமிழ்நாட்டில் இத்துறையில் ஆரவாரமின்றி நிலைத்த வெற்றி இதுவே என்பது என் கருத்து. அது நிலைத்ததன் கரணியம் எளிது: எரிவளி நின்றால் மறுநாளே ஆலைமுதலாளியின் பணப்பை இளைக்கும், ஆகவே யாரும் சொல்லாமலே அவர் கலனைக் காக்கிறார்.

இவ்விடத்தில் எண்ணூரைச் சிறிது நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து நெடுந்தொலைவன்று. 2019-இல் அங்கே ஒரு முனையம் திறக்கப்பட்டது. கடல்கடந்த நாடுகளில் நிலத்தடியிலிருந்து எடுத்த எரிவளியைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகைக்குக் குளிர்வித்து நீர்மமாக்கிக் கப்பலில் ஏற்றி அங்கே இறக்குகின்றனர். அதுவும் மீத்தேன்தான். நம் ஏரிச்சேற்றின் தவளை மூச்சும் மீத்தேன்தான். இந்தியா எரிக்கும் நிலத்தடி எரிவளியில் ஏறத்தாழப் பாதியும், சமையல் உருளை எரிவளியில் பாதிக்கு மேலும் வெளிநாட்டுச் சரக்கு. வளைகுடாவில் போர் மூண்டால் நம் அடுப்படியில் விலை ஏறுவது இதனால்தான்.

இது நடுவணரசுக்குத் தெரியாததன்று. 2018 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தில் 5000 ஆலைகள், ஆண்டுக்கு 1 கோடியே 50 இலக்கம் டன் எரிவளி, 2023-க்குள் என்று அறிவித்தனர். அவ்வாண்டு முடிந்தபோது இயங்கிய ஆலைகள் நூறைக்கூட எட்டவில்லை. ஆலைக்கு வைக்கோல் ஓராண்டில் ஒருமுறையோ இருமுறையோ சில கிழமைகளுக்குள் வந்து குவியும். ஆண்டு முழுவதும் நனையாமல் தீப்பிடிக்காமல் காக்கவேண்டும். ஏற்றுகூலியும் இறக்குகூலியும் வைக்கோலின் விலையை விழுங்கும். இவை கூடத் தீர்க்கத்தக்கவை. 2023-இல் மற்றோர் அறிவிப்பும் வந்தது: நகர எரிவளி நிறுவனங்கள் 2025-26-இல் நூற்றுக்கு 1 பங்கும், 2028-29-இல் 5 பங்கும் இத்தகைய எரிவளியைக் கட்டாயம் கலக்கவேண்டும் என்று. ஆகவே ஆலைகள் வரும். நம் தஞ்சைக் கழனிகளுக்கும் நாமக்கல் பண்ணைகளுக்கும் கொள்வோர் வருவர். வருமுன் நாம் தெளியவேண்டிய ஒன்று உளது. இப்பொழிவே அதற்காகத்தான்.

வைக்கோலிலிருந்து எரிவளியாய்ப் பிரிந்து போவது எது? கரியும் நீரகமும் உயிர்வளியும். இம்மூன்றும் பயிர் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்தவை. மறுபோகத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளும். நிலத்துக்கு அதனாற் கடனில்லை. தழையூட்டம், மணியூட்டம், சாம்பலூட்டம் மூன்றும் எரிவளியில் போவதில்லை. அவை நிலத்தின் சொத்து. கலனின் அடியிற் கரைசலாய் அப்படியே நிற்கும். ஒரு டன் வைக்கோலில் ஐந்தரைக் கிலோ அளவு தழையூட்டமும் 25 கிலோ அளவு சாம்பலூட்டமும் உண்டென்பர் வேளாண் நூலார். வயலிலே கொளுத்தினால் தழையூட்டம் அனைத்தும் புகையாகும். கலனில் இட்டால் ஒன்றும் குறையாது. ஆனால் கலன் ஐம்பது கல் தொலைவில் இருக்கிறது! வைக்கோல் வண்டியேறிப் போயிற்று. கரைசல் திரும்பி வந்ததா? வராவிட்டால், உழவர் பெருமக்களே, நீங்கள் விற்றது வைக்கோலன்று. நிலத்தின் ஊட்டத்தை டன் கணக்கிட்டு விற்றுவிட்டு, அதனையே மூட்டை உரமாய் மறுபடி விலைக்கு வாங்குகிறீர்கள். சாம்பலூட்ட உரம் முழுமையும் இந்நாட்டுக்குக் கப்பலில்தான் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளுவர் உழவைச் சொல்லுமிடத்தில் ஏரைக் காட்டிலும் எருவையும், நீர் பாய்ச்சுதலைக் காட்டிலும் பயிரைக் காத்தலையும் மேலாக வைத்தார். எத்தனையோ ஆண்டு வகுப்பில் அதனை நடத்தியிருக்கிறேன். துருப்பிடித்த மூடியை நினைத்த பிறகே அக்குறளின் பின்பாதி எனக்கு உறைத்தது. எங்கள் கலனில் காப்பு இல்லை. வரப்போகும் ஆலைகளில் காப்பு இருக்கும், பணம் காக்கும். அங்கே இல்லாமற் போவது முன்பாதியாகிய எரு.

இது வெற்றச்சமன்று. இயங்கும் ஆலைகளிலேயே எருவை என்ன செய்வதென்று அறியாமல் தவிக்கின்றனர். எரிவளிக்கு வாங்குவோர் உண்டு, எருவுக்கு இல்லை. யூரியாவுக்கு அரசு விலையைத் தாங்குகிறது; அதனெதிரே இந்த எரு நிற்க இயலவில்லை. 2023-இல்தான் டன்னுக்கு 1500 உருபா உதவித்தொகை என்று அறிவித்தனர். ஈரக்கரைசலை ஏற்றிச் செல்வதோ, பாதிக்கு மேல் தண்ணீரைச் சுமப்பது. வெயிலில் உலர்த்தினால் எடை குறையும், ஆனால் தழையூட்டத்தின் ஒரு பங்கு நெடியாய்ப் பறந்துவிடும். ஈரமாகவே நிலத்தில் விடவேண்டும், அல்லது எருக்குழியில் இலைதழையோடு சேர்த்து மூடவேண்டும். எங்கள் வீட்டில் அவ்வாறுதான் செய்தோம். அவ்வாறாண்டில் தந்தையார் வாங்கிய உரமூட்டை பாதியாய்க் குறைந்தது. அடுப்பைப் பற்றி அன்னையார் மகிழ்ந்த அளவுக்கு அவர் கழனியைப் பற்றி மகிழ்ந்தார். கலன் நின்றபின் இருவரும் இழந்தனர்.

ஓர் ஊரே இதனைச் சரியாய்ச் செய்து காட்டியது உண்டு. கருநாடகத்தில் தும்கூர் மாவட்டத்தில் புரா என்னும் சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய ரெட்டி முதலானோர் அங்கே ஊர்ப்பொதுக் கலன்களை அமைத்தனர். முதலில் எல்லா வீட்டு அடுப்புக்கும் எரிவளி தருவதாகத் திட்டம். ஊரின் சாணம் அதற்குப் போதவில்லை. அறிவியலார் ஏடு மூடிப் போயிருக்கலாம். போகாமல் மக்களைக் கேட்டனர். விறகு எப்படியோ பொறுக்கிக்கொள்வோம், குடிநீரும் விளக்கும் வேண்டும் என்றனர் மக்கள். 1987 முதல் அவ்வெரிவளியைக் கொண்டு பொறி ஓட்டி, ஆழ்குழாய் நீரை இறைத்து வீட்டருகே குழாயில் விட்டனர், விளக்கேற்றினர். பல்லாண்டு அது நடந்தது. இதில் நான் பெரிதாய்க் கருதுவது வேறொன்று. சாணம் கொண்டுவந்த கைக்குக் கூலி கொடுத்தனர். வடிகட்டிய எருவைக் கொண்டுவந்த சாணத்தின் அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தனர். தெருவில் சாணம் பொறுக்கி வறட்டி தட்டும் நிலமில்லாப் பெண்டிர்க்குப் பெருங்கலன் வந்தால் பிழைப்புப் போகும். புராவில் அவர்களை விட்டுவிடவில்லை. பஞ்சாபில் இலூதியானாப் பக்கத்து ஊர்கள் சில 2024-இல் நாற்றத்துக்கும் நீர் கெடுவதற்கும் அஞ்சி ஆலை வேண்டாவென்று சாலையில் அமர்ந்தன. ஊரைக் கேட்டுத் தொடங்கியதற்கும் ஊருக்குச் சொல்லாமல் தொடங்கியதற்கும் உள்ள வேற்றுமை அது.

செருமனியைப் பின்பற்றலாமே என்பார் உண்டு. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எரிவளிக் கலன்கள் அங்கே உள்ளன, உண்மை. ஆனால் கழிவு போதாமல் கலனுக்கென்றே சோளம் பயிரிடத் தொடங்கினர், நிலமெல்லாம் மக்காச்சோளமாயிற்று, தட்டுக்கா கலனுக்கா என்னும் வழக்கு மூண்டு, 2012-இல் சட்டத்தால் சோளத்துக்கு வரம்பு கட்டினர். நெல்லும் சோளமும் கலனுக்குப் போகும் நாள் இங்கே வரலாகாது. மிஞ்சியது மட்டும் போகட்டும்.

அயனம்பாக்கத்தில் இனி வைக்கோற்போர் ஏது என்று நீங்கள் கேட்கலாம். போர் இல்லை, மாடு இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களிலும் திருவேற்காட்டுப் பக்கமும் பால்மாடு வைத்திருப்போர் இன்றும் உளர். எருவிடக் கழனி இல்லாததால் சாணத்தைக் குழாய்நீரால் கழுவி மழைநீர்க் கால்வாயில் விடுகின்றனர். அது கடைசியில் ஏரிக்கோ கூவத்துக்கோ போகிறது. அங்கே காற்றில்லாச் சேற்றில் அதே மீத்தேனாய் எழுந்து வீணே வானுக்குப் போகிறது. கரிவளியைப் போற் பன்மடங்கு ஞாலத்தைச் சூடாக்கும் வளி அது. கோயம்பேட்டுச் சந்தையில் 2005-இல் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவைக் கொள்ளும் கலன் ஒன்றை அமைத்தனர், மின்னாற்றலும் எடுத்தனர். ஆனால் அது தொடர்ந்து ஓடவில்லை. வாழைத்தண்டும் கரும்புத்தோகையும் சாக்கும் கயிறும் பிரிக்காமல் வந்தால் எந்தக் கலனுக்கும் செரியாமை வரும். எங்கள் பள்ளிப் பீப்பாய்க்கு வந்ததுதான்.

ஆகவே நான் கேட்பது இரண்டே. கழனி உடைய உறவினர் உள்ளோர், வைக்கோலுக்கோ எச்சத்துக்கோ ஒப்பந்தத் தாள் வரும்போது விலையை மட்டும் பாராமல், போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஈடான எரு எந்நாளில், யார் செலவில், எந்த வரப்பில் வந்து இறங்கும் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். அவ்வரி இல்லாத தாளில் கையெழுத்திட வேண்டாவென்று சொல்லுங்கள். தாள் தமிழில் இருக்கட்டும். விளங்காத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் எருவைத் தேடிப் பயனில்லை. இரண்டாவது, இவ்வூரில் மாடு வைத்திருப்போர் பதின்மர் சேர்ந்தால் ஒரு பொதுக்கலனுக்கு வேண்டிய சாணம் கிடைக்கும். எரிவளி அருகிலுள்ள ஏதேனும் ஓர் உணவுக்கூடத்துக்குப் போதும். எருவை மாடித்தோட்டம் வைத்திருப்போர் காசு கொடுத்து வாங்குகின்றனர், நானே வாங்குகிறேன். இடமும் கணக்கும் நகராட்சியில் கேட்டு வருவதற்கு மூவர் என்னோடு வந்தால் போதும். பெயர்களை எழுதிக்கொள்ளத் தாள் கொண்டுவந்திருக்கிறேன்.

எங்கள் பழைய குழி இன்னும் வீட்டின் பின்புறத்தில் இருக்கிறது. மேலே கருங்கல் மூடியிருக்கிறோம். செங்கற்சுவர் நாற்பதாண்டு கழித்தும் ஒரு விரிசல் விடவில்லை. துருவேறிய மூடியைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போய் நெடுநாளாயிற்று. பொங்கல் உண்டபின் பார்க்க விரும்புவோர் வாருங்கள். நான்கு தெரு தள்ளித்தான் வீடு.